முந்தானையில் முடிந்த மெட்டி

கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். தியேட்டர் வாசலில் நர்ஸ், "மெட்டியயும் கழட்டணும்மா" என்றார். கல்யாணத்தன்று போட்டது, அசையவில்லை. என் கணவர் ரத்தம் வாங்கப் போயிருந்தார்.

பெஞ்சில் இருந்த ஓர் அக்கா எழுந்து வந்தார். காட்டுமன்னார்கோயில்காரர். குடலில் ஓட்டை விழுந்து அவர் கணவர் ஐசியுவில் கிடந்தார். வெறும் வயிற்றுவலி என்று ஊரில் ஊசி போட்டே நாளைக் கடத்திவிட்டார்களாம்.

"ஒடம்பு கொஞ்சம் தேறுனாதான் ஆபரேஷனாம்" என்று சொல்லிக்கொண்டே என் விரல்களில் சோப்பு நுரை தடவி, வலிக்காமல் மெட்டிகளைக் கழற்றினார். முந்தானையில் முடிந்துகொண்டார். "பயப்படாம போ. நீ வந்ததும் நானே போட்டு வுடுறேன்."

மயக்கம் தெளிந்து வார்டில் கண் விழித்தபோது அந்த அக்கா கட்டிலருகே நின்றிருந்தார். முடிச்சை அவிழ்த்து, மெட்டிகளை என் கணவரிடம் கொடுத்தார்.

"நீங்களே போடுறேன்னு சொன்னீங்களேக்கா" என்றேன்.

"வேணாம்மா. அவுரு போயிட்டாரு. இனிமே நான் போடக் கூடாது."

"பரவால்ல, போடுங்கக்கா" என்று நான் காலை நீட்டியிருக்கலாம். அதற்குள் அவர் திரும்பிவிட்டார். வராந்தாவில் அவருடைய மெட்டி தரையில் தட்டிக்கொண்டே போன சத்தம் கேட்டது.

இன்றும் கால் கழுவும்போது அந்தச் சத்தம் வரும். அவர் மெட்டியை யார் கழற்றினார்களோ? சோப்பு போட்டு, வலிக்காமல் கழற்றினார்களா?