கை இறங்கக் காத்திருந்தோம்

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். முட்டையை முழுங்கிய பிறகுதான் ஜெபம் பண்ணவில்லை என்று ஞாபகம் வந்தது. அப்புறம் பண்ணினேன். கர்த்தருக்கு என்னைத் தெரியும்.

அந்தப் புதினா வாசனைக்கு நடுவே எனக்குக் கொள்ளுத் துவையல் நினைப்பு. துவையல் வந்தால் தணிகாசலம் அண்ணனும் வந்துவிடுவார்.

தொண்ணூறுகளில் எங்கள் சபை, உத்திரமேரூர்ப் பக்கம் காலனி ஓரத்தில் ஓர் ஓலைக் கொட்டகை. வெள்ளிக்கிழமை உபவாசம். மூன்று மணிக்கு ஜெபம் முடிந்து கஞ்சி, துவையல். எல்லார் கையும் சேர்ந்துதான் தட்டில் இறங்க வேண்டும், ஒருத்தர் முந்தக் கூடாது. சேர்ந்து தின்பதும் ஆராதனைதான் என்பார் பாஸ்டர். ஊற்றுகிற கரண்டி என்னிடம். பெரிய பதவி.

நாங்கள் காலனி; தணிகாசலம் அண்ணன் மட்டும் ஊர்த்தெருக்காரர். நிலம் நீச்சு உள்ள குடும்பம். காமாலையில் கிடந்தபோது பாஸ்டர் ஜெபித்ததில் பிழைத்தார். அதிலிருந்து வருவார். ஆனால் கடைசிப் பாட்டிலேயே எழுந்துவிடுவார். வயலில் ஆள் நிற்கிறது என்பார். கஞ்சி காய்ச்சும் எஸ்தர் அக்கா சிரிப்பாள்.

"ஊர்க்காரருக்கு நம்ம கஞ்சி தொண்டையில எறங்குமா?"

எனக்கு அது உறைத்தது. ஒரு வெள்ளி, அவர் எழுவதற்குள் முதல் தட்டை அவர் முன்னால் வைத்து ஊற்றிவிட்டேன். பிறகு மற்றவர்களுக்கு. ஆமென் சொன்னோம். யாரும் தின்னவில்லை. எல்லார் கண்ணும் அவர் கையில். காலையிலிருந்து பட்டினி கிடந்த ஒரு குழந்தை சிணுங்கியது. அவர் குனிந்தே இருந்தார்.

"பசங்க பசியா கீதுங்க," என்றார். கை வைத்தார்.

அன்று நான் கஞ்சி தின்னவில்லை. ஜெயித்ததைத் தின்றேன்.

பொழுது சாய்வதற்குள் சேதி ஊருக்குப் போயிற்று. அதற்கப்புறம் வீட்டில் அவருக்குச் சோறு மாட்டுக்கொட்டகையில்தான். பெற்ற தாய் பரிமாறுவதை விட்டுவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அவர் வெள்ளி தவறாமல் வந்தார். ஒருநாள் ஊற்றும்போது மெதுவாகக் கேட்டேன்.

"வூட்ல இன்னாண்ணா சொல்றாங்க?"

"தொவையல் வைப்பா," என்று தட்டை நீட்டினார்.

அவ்வளவுதான். பிறகு ஏனாத்தூர்ப் பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். தனியாகப் பொங்கித் தின்றார். அங்கேயே செத்தார்.

இப்போது சபைக்கு டைல்ஸ் போட்டாயிற்று. கஞ்சி இல்லை, பந்தி இல்லை. யாருக்காகவும் யாரும் காத்திருப்பதில்லை. போயிற்றே என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

அன்றைக்கும் பொட்டலமாக இருந்திருந்தால் அண்ணன் வாங்கிக்கொண்டு போயிருப்பார். வழியில் நாய்க்குப் போட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ராத்திரி அம்மா கையால் சோறு தின்றிருப்பார்.