பாலைச் செடியில் ஏறிய சப்போட்டா

எங்கள் வீட்டைப் பிரித்தவர்களுக்கு மரத்தைப் பிரிக்கத் தெரியவில்லை. திண்டுக்கல்லில் சேர்ந்து தோல் வியாபாரம் செய்த அத்தாவும் அவருடைய அண்ணன் பெரியத்தாவும் சண்டை போட்டு, கொல்லையின் நடுவில் ஹாலோபிளாக் சுவர் எழுப்பினார்கள். சப்போட்டா மரம் பெரியத்தா பக்கம் போனது. ஒரு கிளை மட்டும் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழத்தைத் தின்றவர்களுக்குக் கடைப் பழம் வெறும் மாவு. அந்த மரத்தைத் தள்ளிவிட்டுக் குடோன் கட்டப்போகிறாராம் பெரியத்தா. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாம் வகுப்புப் படித்த நான்தான் தபால்காரி.

"உங்கத்தாட்ட சொல்லு, பெருநா கழிச்சு மரம் போகுதுன்னு."

"அவர் மரம், அவர் வெட்டுறாரு. எனக்கென்னவாம்னு கேளு."

வளர்ந்த ஆட்களின் லட்சணம் இது.

அம்மா தன் பிறந்த வீட்டுக்குச் சொல்லியனுப்பினாள். அம்மாவுக்குப் பாலசமுத்திரம் பக்கம். பிறந்த வீட்டில் ஒட்டுக்கன்று போடுவார்கள். அங்கிருந்து தொட்டியில் ஒரு பாலைக் கன்று வந்தது. காட்டில் சும்மா முளைத்துக் கிடக்கிற பாலை மரம், சப்போட்டாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

"இதுல என்னம்மா காய்க்கும்?" என்றேன்.

"இது காய்க்க வேண்டாங்கண்ணு. வேரு குடுத்தாப் போதும்."

பெஞ்சின் மேல் பெஞ்சு போட்டு, தொட்டியைக் கிளை உயரத்துக்கு ஏற்றினாள். பிளேடால் பாலைத் தண்டில் ஒரு சீவல், சப்போட்டாக் குச்சியில் ஒரு சீவல். இரண்டிலும் வெள்ளைப் பால் கசிந்தது. காயத்தோடு காயத்தைச் சேர்த்து, பால் கவரைக் கிழித்த நாடாவால் இறுக்கிக் கட்டினாள். மரம் மண்ணில், கன்று தொட்டியில், இடையில் ஒரு கட்டு. நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"ஒட்டிக்குமா?"

"மழை வந்து போகோணும். அதுக்குள்ள கிளை அசைஞ்சா எல்லாம் போச்சு."

மழை வரவில்லை, பெருநாள் வந்துவிட்டது. மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஜேசிபி நின்றது. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பெஞ்சில் ஏறி, கிளையைப் பிடித்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் ஏறி நின்றேன். பெரியத்தா மரத்தைப் பார்த்தார். கிளையைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் திரும்பினார்.

"மண்ணு சேறா இருக்குப்பா. வண்டி எறங்கிரும். கொஞ்ச நாளு போகட்டும்."

"சேறா? புழுதி பறக்குது பாய்!"

"ஏலே, எனக்குத் தெரியாதா? கூப்பிடுறப்ப வா, போ."

புழுதிதான். நானே பார்த்தேன்.

பிறகு மழை வந்தது, நின்றது. அம்மா கட்டுக்கு மேலே பாலையின் தலையைக் கிள்ளினாள். கொஞ்ச நாள் விட்டு, கட்டுக்குக் கீழே சப்போட்டாக் குச்சியை அறுத்தாள். கன்று தனியாகக் கழன்று வந்தது. காட்டுப் பாலையின் காலில் எங்கள் சப்போட்டாவின் தலை. வாடும் வாடும் என்று தினமும் போய்ப் பார்த்தேன். வாடவில்லை. உச்சியில் புதுசாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. ஒரு உயிரின் வேரில் இன்னொரு உயிர் நிற்கிறது! தொடக்கூடப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டேன். எதுவும் என்னை அப்படி அடித்துப் போடவில்லை.

அதே வாரம் ஜேசிபி மறுபடி வந்தது. மரம் விழுந்ததில் வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே அந்தப் பக்கம் போனேன்.

"பொய் சொன்னா அல்லா கேப்பான் பெரியத்தா. அன்னைக்கு மண்ணு காஞ்சுதான கெடந்துச்சு?"

அவர் விழுந்த மரத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"கேக்கட்டும்டி ஆத்தா. அங்கிட்டு துளிர் விட்டுருச்சா?"

விட்டாச்சு என்றேன். பொய் பிடிபட்டதும் பேச்சை மாற்றுகிறார் என்று அத்தாவிடம் போய் முழுசாக ஒப்பித்தேன். வழக்கமாகப் பெரியத்தா பேரைச் சொன்னாலே திட்டுகிற மனுஷன், அன்று திட்டவில்லை. எழுந்து, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் சொன்னது காதில் விழவில்லை என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.