ஒரு முழத்துக்கு ஒரு தரம்

முள்ளிப்பட்டில் கலைமகள் வீட்டுச் சுவரில் கடிகாரம் ஒன்று தொங்குகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. புடவை ஒரு முழம் வளர்ந்தால் தறிக் குழியிலிருந்து எழுந்து வந்து புருஷனைப் புரட்டிப் போட வேண்டும். அவளுக்குத் தெரிந்த நேரம் அவ்வளவுதான். இடப் பக்கம் ஒரு முழம், வலப் பக்கம் ஒரு முழம். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க, இல்லன்னா புண்ணு வந்துடும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதை அவள் தன் கைவேலைக்குத் தக்கபடி மாற்றி வைத்துக்கொண்டாள். ஆறு வருஷமாக அந்த அளவு தப்பவில்லை.

இளவரசன் ஆரணியில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவன். ஐப்பசி மழையில் ஒரு நாள், அடுக்கி வைத்திருந்த மூட்டை அட்டி சரிந்து முதுகில் விழுந்தது. பிழைத்தான், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கை இரண்டும் நன்றாக இருந்தன. வாய் அதைவிட நன்றாக இருந்தது. அப்படிப்பட்ட வாய்க்காரனுக்கு, குழாயில் மாட்டிய மூத்திரப் பை நிரம்பிவிட்டது என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட மட்டும் வெட்கம். மெல்லக் கூப்பிட்டால் தறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது. கலைமகள் கழிவுப் பட்டு நூலைக் கயிறாக முறுக்கி, ஒரு முனையை அவன் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தறிச் சட்டத்திலும் கட்டினாள். சட்டத்துப் பக்கம் நாலைந்து காலி நூல் குச்சிகளைத் தொங்கவிட்டாள். அவன் இழுத்தால் கலகலவென்று சத்தம் வரும். பை நிரம்பாத நேரத்திலும் சும்மா இழுத்துப் பார்ப்பான். "இன்னா?" என்று இவள் கத்துவாள். "கீறியான்னு பாத்தேன்" என்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் மகள் நிலாவுக்கு ஒரு வரன் வந்தது. நிலா ஆரணியில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்குத் தேவிகாபுரம், கூட்டுறவு வங்கியில் வேலை. நல்ல இடம். நல்ல இடம் என்றாலே கை நழுவிவிடுமோ என்ற பயமும் கூடவே வரும் அல்லவா, கலைமகளுக்கும் வந்தது. தரகர் வேறு தன் பங்குக்கு, "அப்பாவுக்குக் கொஞ்சம் கால் வலின்னு சொல்லி வெச்சிக் கீறேன். மத்தத நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். கலைமகளுக்கு வாய்த்தது ஒரே ஒரு பொய்தான். ஆனால் அது முழுப் பூசணிக்காய். அவளிடம் இருந்ததோ பிடி சோறு.

இந்தப் பக்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. பெண் வீட்டைப் பற்றி நேராகக் கேட்க மாட்டார்கள். யாராவது ஒரு பெண்பிள்ளையை அனுப்புவார்கள். அவள் தண்ணீர் கேட்கிற சாக்கிலோ விலாசம் கேட்கிற சாக்கிலோ வந்து, வீட்டை ஒரு நோட்டம் விட்டுப் போவாள். கலைமகளையே அப்படித்தான் பார்த்தார்கள். வளையல்காரி என்று வந்தவள் இவள் கையைப் பிடித்து அமுக்கி, பல்லைப் பார்த்து, ஒரு வளையலும் விற்காமல் எழுந்து போனாள். கல்யாணத்தன்று பார்த்தால் அவள் மாமியாரின் தங்கை.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பை, கையில் சின்னக் கணினி மாதிரி ஒரு டேப்.

"அக்கா, என் பேரு ரீனா. சென்னையில ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்து வரேன். வயசானவங்களையும் மாற்றுத்திறனாளிங்களையும் வீட்ல யாரு, எப்படிப் பாத்துக்கிறாங்கன்னு சர்வே எடுக்கிறோம். உங்க வீட்ல அப்படி ஒருத்தர் இருக்காருன்னு பஞ்சாயத்துல சொன்னாங்க."

அடுத்து ஒரு தாளை எடுத்து வரி விடாமல் படித்தாள். அதில் ஒரு வரி: "இதில் கலந்துகொள்வதால் உங்களுக்கு நேரடியாக எந்தப் பலனும் கிடையாது."

அந்த வரிதான் குடியைக் கெடுத்தது. பலன் இல்லாத காரியத்துக்கு இந்த வெயிலில் எவள் வீடு வீடாக வருவாள்? கலைமகள் யோசித்தாள். அவளுக்கு உடனே வளையல்காரியின் ஞாபகம் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"சித்த இரும்மா, அவரு துணி மாத்தினு கீறாரு" என்று கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே ஓடினாள். மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

"யாரு கலை?" என்றான் இளவரசன்.

"தேவிகாபுரத்து ஆளு. விசாரிக்க வந்து கீறா. நீ வாயத் தொறக்காத, சிரிச்சா போதும்."

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். "அப்ப அந்த வெள்ளச் சட்டயப் போட்டு வுடு" என்றான்.

பாதி உடம்பாகியிருந்தவனைத் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் துண்டைப் போர்த்தி, மூத்திரப் பையைப் பின்னால் தள்ளி, அடிபடுவதற்கு முன் வாங்கி எடுத்து வைத்திருந்த புதுச் செருப்பைக் காலில் மாட்டினாள். இடுப்புக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சிவப்பு இருந்தது அவளுக்குத் தெரியும். அரை மணி நேரம்தானே என்று நினைத்தாள்.

ரீனா கேட்கத் தொடங்கினாள். அண்ணன் தனியாகக் குளிக்கிறாரா? குளிக்கிறார். கக்கூசுக்கு? அவரே போகிறார். படுக்கையிலிருந்து எழ? எழுகிறார். உடம்பில் புண் ஏதாவது? ஒன்றும் கிடையாது. "கால் வலிதாம்மா. மழ வந்தா கொஞ்சம் ஜாஸ்தியாவும், வேற ஒண்ணும் இல்ல" என்றாள் கலைமகள்.

"வீட்ல எத்தனை பேருக்கா? கல்யாணம் ஆகாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

கலைமகளுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. காபி போட்டுக் கொடுத்தாள். கேள்வி முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் இளவரசன் வெள்ளைச் சட்டையில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சிரித்தபடியே உட்கார்ந்திருந்தான். வலித்திருந்தால் முனகியிருப்பான். வலிக்காததுதான் வினை.

ரீனா படித்துவிட்டுக் கொடுத்த தாளைக் கலைமகள் மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மகளிடம் மூச்சு விடவில்லை, பெண் பயந்துவிடுவாளாம். அன்று அவனைக் கீழே இறக்கிக் குப்புறப் போட்டபோது தோல் உரிந்து வேட்டியோடு வந்தது.

தேவிகாபுரத்துக்காரர்கள் வெற்றிலை பாக்கு மாற்றத் தையில் நாள் குறித்தார்கள். வீடே சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் புண் உள்ளங்கை அளவுக்குப் போனது. நிலா கடையிலிருந்து களிம்பும் கட்டுத்துணியும் கொண்டுவந்தாள். கலைமகள் முழத்தை அரை முழமாக்கினாள். ஒருத்தி உடம்பு எத்தனை தடவைதான் குழியில் இறங்கி ஏறும்? ஏறினாள்.

கார்த்திகையில் எதிர்வீட்டுத் தனகோடி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தனகோடியின் மாமனார் பக்கவாதத்தில் கிடப்பவர். அவருக்குக் காற்று அடைத்த மெத்தை இறங்கியது. மோட்டார் போட்டால் தானே ஏறி இறங்கி, புண் வராமல் காக்கிற மெத்தை. காலையும் சாயங்காலமும் வந்து குளிப்பாட்டிவிட ஒரு பெண்ணும் வருவாளாம்.

"அன்னைக்கு டேப் வெச்சினு ஒரு பொண்ணு வந்துச்சே, அவங்க ஆபீசுல இருந்துதான்" என்றாள் தனகோடி. "நான் எம் மாமனாரு பீ மூத்தரக் கதய ஒண்ணு வுடாம கொட்டிட்டேன். ரொம்ப முடியாதவங்களப் பாத்து எடுத்துக் கீறாங்க. உங்க வூட்டுக்கு வர்லியாக்கா?"

கலைமகள் திரும்பி நடந்தாள். வீட்டுக்குள் போய் அஞ்சறைப் பெட்டியைத் தூக்கி, அந்தத் தாளை மகளிடம் நீட்டி, நடந்ததைச் சொன்னாள். நிலா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தாளிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

மறுமுனையில் ரீனாதான். மெத்தை கொடுத்துப் பார்ப்பது ஆராய்ச்சியின் அடுத்த கட்டமாம், சர்வேயின்போது அதை யாரிடமும் சொல்லக் கூடாதாம். பட்டியல் முடிந்துவிட்டது என்றாள். முதலில் சொன்ன பதிலை வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள், அதை இனி மாற்ற முடியாது என்றாள். ஆனாலும் மேலதிகாரியிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டு அவளே திரும்பக் கூப்பிட்டாள். ஒருத்தருக்காக மாற்றினால் ஆராய்ச்சியே தப்பாகிவிடும் என்று சொல்லிவிட்டார்களாம்.  அவள்மேல் கோபப்படக்கூட வழி இல்லை.

மார்கழியில் காய்ச்சல் வந்தது. புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கயிறு இல்லாத மணிக்கட்டை ஆட்டி ஆட்டி எதையோ இழுத்துக்கொண்டே இருந்தான். பத்தாம் நாள் காலையில் கை நின்றது.

துக்கத்துக்குத் தேவிகாபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா செல்லியம்மாள் வந்தாள். கலைமகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சம்மந்தி, நிலா நடந்தத சொல்லிச்சு. நாங்க யாரையும் விசாரிக்கன்னு அனுப்பல. அண்ணனுக்கு அடிபட்டது எங்களுக்கு மொதல்லயே தெரியும். எங்கூட்லயும் எம் மாமனாரு எட்டு வருசம் படுக்கையில கெடந்தாரு. படுத்தவர வெச்சிக் காப்பாத்துற வூட்டுப் பொண்ணு, நம்மளயும் காப்பாத்தும்னுதானே வந்தோம்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள், பாவம். கலைமகள் அன்றைக்குத்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பங்குனியில் ரீனா மறுபடி வந்தாள். ஆறு மாதம் கழித்து ஒரு தரம் எல்லா வீட்டிலும் கேட்க வேண்டுமாம். மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். கலைமகள்தான் உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டாள். ரீனா டேப்பில் எதையோ அழுத்தினாள். உடனே அதை மூடப் போனாள்.

"கேளும்மா" என்றாள் கலைமகள்.

"முடிஞ்சிடுச்சுக்கா. இறந்துட்டாருன்னு போட்டா வேற கேள்வி வராது."

"போன தடவ கேட்டியே, அதயே கேளு."

ரீனா டேப்பைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஞாபகத்திலிருந்து கேட்டாள். "அண்ணன் தனியா குளிச்சாராக்கா?"

"இல்ல. துணி நனச்சி நான்தான் தொடப்பேன்."

"பாத்ரூம்?"

"போவ மாட்டாரு. ஆறு வருசம் நான்தான் வாரிப் போட்டேன்."

"புண்ணு?"

"இருந்துச்சு. நீ வந்தன்னைக்கு இத்தினியூண்டு இருந்துச்சு."

"அவரப் பாத்துக்க ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஆகும்?"

"மணி தெரியாது. ஒரு மொழத்துக்கு ஒரு தரம் எழுந்து வருவேன்."

"வேற யாராச்சும் உதவிக்கு வந்தாங்களா?"

"வந்தாங்க. காபி குடுத்து நான்தான் அனுப்பிட்டேன்."

ரீனா அதற்கு மேல் கேட்கவில்லை. டேப்பை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணன் செருப்புல மண்ணே இல்லக்கா. அன்னைக்கே பாத்தேன். அவங்க வாயால சொல்றத மட்டும்தான் எழுதணும்னு ட்ரெயினிங்ல சொல்லியிருந்தாங்க."

"பாத்தியா?" என்றாள் கலைமகள். "பாத்தவ ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய்தான் சொல்லியிருப்போம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் கேட்டாள்.