முப்பத்தோராவது பேர்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியைக்கூட மாற்றமாட்டேன். பள்ளிக்கூட நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதிவைப்பது சின்ன வயதில் என் பழக்கம். இந்தப் பதிவிலும் அப்படியே இருக்கட்டும்.

கிருஷ்ணாயில் வாசனை... அது மழையில் நனைந்த கோணிப்பையோடு சேர்ந்தால் மூக்குக்குள் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் வரைக்கும் போகாது.

எண்பதுகளின் ஆரம்பம். ஐப்பசி மழை. திருவண்ணாமலையில் ஒரு வாரமாக மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. ரேஷன் கடைக்கு மூன்று வாரமாக மண்ணெண்ணெய் வரவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மாவுக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். தம்பியைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும். விறகெல்லாம் ஈரம். ஊதினால் புகைதான் வரும், அந்தப் புகையில் குழந்தை இருமும். அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார்.

"வெறும் டின்னோட வந்துடாதடி" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினார்.

அன்றைக்கு மண்ணெண்ணெய் வரும் என்றார்கள். விடியும்போதே போய் டின்னை மூன்றாவதாக வைத்துவிட்டேன். எங்கள் தெருவில் ஆள் நிற்கவேண்டாம், டின் நின்றால் போதும். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், பேரல் வண்டி வரும்போது ஓடிவருவார்கள். வந்ததும் சண்டைதான், யார் டின்னை யார் நகர்த்தினார்கள் என்று.

அன்றைக்கும் ஆரம்பித்தது. ரேஷன் கடை சேல்ஸ்மேனுக்குப் பொறுக்கவில்லை. எப்போதும் புத்தகமும் கையுமாக நிற்கிற என்னைக் கூப்பிட்டு, டின் இருக்கிற வரிசைப்படி பேர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் ஊற்றுவாராம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு டின்னாகத் தொட்டு, "இது யாருது, இது யாருது" என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பெரியவர்கள் எல்லாம் எனக்குப் பதில் சொன்னார்கள்!

லிஸ்ட் முடிந்த பிறகு சைக்கிள் கடை முனிரத்தினம் வந்தார். நடுவில் செருகச் சொன்னார்.

"லிஸ்ட்ல பேர் இல்லாதவங்களுக்கு இல்லீங்க" என்றேன், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. சரியான பொண்ணு என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அவர் போகவில்லை. ஓரமாக நின்றுகொண்டார்.

சேல்ஸ்மேன் பேரலுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். முப்பது கார்டுக்குத்தான் வரும் என்றார். முப்பதாவது பேர், லிஸ்ட்டில் கடைசிப் பேர், பச்சையம்மா. தெருமுனையில் இட்லி சுட்டு விற்கிறவர். மூன்று நாளாக ஸ்டவ் பற்றவைக்கவில்லை. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே நின்றிருந்தவர், அதைக் கேட்டதும் நிம்மதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதல் பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது. மூன்றாவதாக வேறு யாரோ பேர். நான்காவது...

பேப்பரை எட்டிப் பார்த்தேன். என் பேர் இல்லை.

என் டின்னை மட்டும் யாருடையது என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அதனால் எழுதவும் இல்லை.

பேனா என் கையில்தான் இருந்தது. இரண்டாவது பேருக்கும் மூன்றாவது பேருக்கும் நடுவில் ஒரு பேர் எழுத இடமும் இருந்தது.

"என்னாம்மா டீச்சரம்மா... லிஸ்ட்ல இல்லன்னா இல்லதான?" முனிரத்தினம் மெதுவாகத்தான் கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சேல்ஸ்மேன் நல்லவர். மூன்றாவது டின் என்னுடையதுதான், தானே பார்த்ததாகச் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னார். அது பொய்யும் இல்லை. ஆனால் நான் மூன்றாவது என்றால் பச்சையம்மா முப்பத்தொன்று.

அவர் எழுந்து நின்றார். கோணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எழுதிக்கோ கண்ணு. நீ எனக்கு முன்னாடியே வந்தவதான."

சண்டை போட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

பச்சையம்மா பேருக்குக் கீழே 31 என்று போட்டு என் பேரை எழுதினேன். பேரலைச் செங்கல் வைத்துச் சாய்த்தும் முப்பதோடு தீர்ந்தது.

அம்மா திட்டவில்லை. குழந்தையைப் புகைக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பேரை எழுதிக்கிட்டா என்னடி கொறஞ்சி போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

பத்து மணி இருக்கும். பச்சையம்மா குண்டானில் வெந்நீர் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் சொன்னார்: "ஊர்ல இருக்கிறவங்க பேரெல்லாம் எழுதிட்டு தன் பேரை உட்டுட்டா. இவ எப்படி பாஸாவப் போறா?"

பிரசவத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மா சிரித்தார். அடுத்த பேரல் வரும்வரை தினமும் வெந்நீர் வந்தது.

இப்போது இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் போனேன். சமையல் எண்ணெய் வைக்கிற ஷெல்ஃப் மொத்தமும் காலி. ஆளுக்கு ஒன்றுதான் என்று அட்டை மாட்டியிருந்தார்கள். உள்ளே தள்ளி ஒரே ஒரு பாட்டில்.

டின் இல்லை, செங்கல் இல்லை, சண்டை இல்லை. லிஸ்ட்டும் இல்லை. அவ்வளவு அமைதி.

எனக்கு முன்னால் ஒரு பெண், தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு. அவள்தான் முதலில் வந்தாள். பாட்டிலையும் பார்த்துவிட்டாள். அதற்குள் குழந்தை அழ, குனிந்தாள்.

நான் கையை நீட்டி எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இரண்டு பாட்டில் இருக்கிறது. தெரிந்துதான் எடுத்தேன்.

அவள் நிமிர்ந்து ஷெல்ஃபைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு "சாரி" என்று சொல்லி, வண்டியை ஒதுக்கி எனக்கு வழிவிட்டாள்.

கொடுத்திருக்கலாம், ஃப்ரெண்ட்ஸ். கொடுக்கவில்லை. பேரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே நாலு மணிக்கே கடை மூடிவிடுவார்கள். பில் போட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் அந்த ஷெல்ஃப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பின்னாலிருந்து ஒவ்வொரு வரிசையாக விளக்கை அணைத்துக்கொண்டே வந்து, அங்கேயும் அணைத்துவிட்டார்கள்.