வழுக்கு வண்டிகளின் நிர்வாக இயக்குநர்

நிறுவனப் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே இப்படி இருக்கிறது: "நிர்வாக இயக்குநர்: மரியரஞ்சனி யோசேப்பு. தொழில்: இளைஞர்களுக்கும் குடும்பங்களுக்கும் வேகமும் சாகசமும் நிறைந்த மோட்டார் விளையாட்டு அனுபவங்களை வழங்குதல்."

இந்தச் சாகசக்காரி நோர்வேயில், பியோர்ண்டால் என்ற இடத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர். கார் ஓட்டத் தெரியாது. வந்த புதிதில் ஒருமுறை முயன்றாள். இந்த நாட்டில் உரிமம் வேண்டுமென்றால் வழுக்கும் திடல் ஒன்றிலும் ஓட்டிப் பழக வேண்டும். கார் பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கியதும் மரியரஞ்சனி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பயிற்றுநர் மிகுந்த மரியாதையுடன் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பேருந்துதான். கணவன் யோசேப்பு பேருந்து ஓட்டுநர். அவன் ஓட்டும் பேருந்தில் ஏறினாலும், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வருவாள்.

அவள் பெயர் பதிவேட்டுக்குப் போனது யோசேப்பால். இரண்டாவது தொழில் தொடங்குவதென்றால் வேலையிடத்தில் அனுமதி கேட்க வேண்டும்; யோசேப்புக்குக் கேட்டுப் பழக்கமில்லை. நம்மவர்களின் எத்தனையோ கடைகள் மனைவி பெயரில் இருக்கின்றன, ஒரு கடை கூடினால் என்ன?

"சும்மா பேருக்குத்தான் ரஞ்சி. நீர் ஒரு கையெழுத்தை மட்டும் போடும், மிச்சத்தை நான் பாக்கிறன்."

போட்டாள். நோர்வேக்காரர்களுக்குப் 'பேருக்கு' என்று ஒன்று இருப்பது தெரியாது என்பதை இருவருமே மறந்துபோனார்கள்.

யோசேப்பின் திட்டம் இதுதான். ஸ்ட்ரோம்மன் பக்கம் காலியாகக் கிடக்கும் ஒரு கிடங்கைச் சனிக்கிழமைகளில் எடுத்து, மின்சார ட்ரிஃப்ட் கார்ட்டுகளை வாடகைக்கு விடுவது. தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டும் சின்ன வண்டிகள் அவை. பின்சக்கரங்களில் வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கும், வளைவில் பக்கவாட்டில் சறுக்குவதற்காக. சறுக்காமல் ஓட்ட ஊருக்கெல்லாம் பாடம் நடத்தும் நாட்டில், சறுக்குவதற்கென்றே ஒரு வண்டி.

மரியரஞ்சனிக்கு இரவெல்லாம் அதே நினைப்பு. காப்பகத்தில் பிள்ளை ஒன்று விழுந்தால், பின்னேரம் கூட்டிப் போக வரும் தாயிடம் அதைச் சொல்ல வேண்டும். அந்தத் தாய் முகம் மாறும் கணத்தை இத்தனை வருடமாகியும் அவளால் பழகிக்கொள்ள முடியவில்லை. இனி அந்தக் கிடங்கில் ஒரு பிள்ளை விழுந்தாலும் தாயின் முன்னால் நிற்கப்போவது அவள்தான். ஆனால் வண்டி வாங்கும் தாளிலும் கையெழுத்திடாவிட்டால்? நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்று ஓட்டியே காலம் தள்ளிய மனிதன் தனக்கென்று முதன்முதலாக ஒன்றைக் கேட்டிருக்கிறான். இரண்டில் ஒன்று உடையத்தான் போகிறது: ஏதோ ஒரு பிள்ளையின் கை, அல்லது யோசேப்பின் மனம்.

வண்டி பார்க்கக் குடும்பமாகப் போனார்கள். விற்பவள் யூலியா என்ற இளம் பெண். யோசேப்பு நீட்டிய கையைக் கடந்து மரியரஞ்சனியிடம் வந்தாள்.

"இயக்குநர் நீங்கள்தானே?"

மகள் லீசா, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், காதோடு சொன்னாள்: "அம்மா, நீங்கள்தான் ஷெஃப், முதலாளி. அப்பா சும்மா ஒரு டிரைவர்."

"வாயை மூடு" என்றான் யோசேப்பு, வாய் மூடாத சிரிப்போடு.

குடும்பத்துக்கா, வாடகைக்கா என்று யூலியா கேட்டாள். யோசேப்பின் கண் ஏற்கெனவே ஒரு சின்ன வண்டியில் விழுந்திருந்தது. மடித்தால் கார் டிக்கியில் போகும், கோயில் திருவிழாவுக்கும் கொண்டு போகலாம்.

"குடும்பத்துக்குத்தான்" என்றான். "வாடகைக்கு எடுக்கப்போறவை முழுக்க எங்கட சொந்தம்."

"எத்தனை பேர்?"

"திருவிழாவுக்கு வாறது எண்டால்... ஒரு நானூறு பேர்."

யூலியா சிரிக்காமல் விளக்கினாள். அது வீட்டு முற்றத்தில் இரண்டு பிள்ளைகள் ஓட்டுவதற்கு. காலை முதல் மாலை வரை ஆள் மாறி ஆள் ஏறினால் வண்டியின் இரும்புச் சட்டம் வளையும். பேட்டரி தீர்ந்தால் மாற்ற முடியாது, சார்ஜ் ஏறும்வரை நானூறு பேரும் காத்திருக்க வேண்டும். வாடகை வண்டி வேறு ஜாதி: சுற்றிலும் இடிதாங்கி, கழற்றி மாட்டும் பேட்டரி, சிறுபிள்ளைக்கும் தகப்பனுக்கும் நகர்த்திக்கொள்ளும் இருக்கை. வெளியே நிற்கும் ஒருவர் ரிமோட்டால் எந்த வண்டியையும் மெதுவாக்கலாம், நிறுத்தலாம்.

"ரிமோட்டாலை நிப்பாட்டினால் பிறகென்ன சாகசம்? பெடியள் சிரிக்கப் போறாங்கள்!" யோசேப்பு மூலையில் சிவப்பாக நின்ற பந்தய வண்டியைக் காட்டினான். அதற்கு ரிமோட் இல்லை.

மரியரஞ்சனி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "வாடகை வண்டி எப்படி நிற்கும்?"

"ஏறிப் பாருங்கள்" என்றாள் யூலியா.

"அம்மா ஏறினால் இண்டைக்குச் சமையல் நான்" என்றாள் லீசா.

"சொன்ன சொல் மாறக் குடாது" என்று மரியரஞ்சனி சிலுவை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வளைவிலேயே பின்பக்கம் சறுக்கியது. கைகள் பழைய வழக்கப்படி கண்ணைப் பொத்தப் போயின. தலைக்கவசம் விடவில்லை. பிடிக்க வேறெதுவும் இல்லாததால் திரும்ப ஸ்டியரிங்கையே பிடித்தன. வண்டி ஒரு முழு வட்டம் போட்டது. அப்போது யூலியா ரிமோட்டை அழுத்த, தூங்கப்போகும் பிள்ளை போல அடங்கி நின்றது.

"இன்னொருக்கா" என்றாள் மரியரஞ்சனி.

இது சறுக்குவதை அனுபவிக்கவா, நிற்பதை உறுதி செய்யவா என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு.

இறங்கி வந்து சொன்னாள்: "இஞ்சேரப்பா, இதுதான். ரிமோட் என்ர கையிலை இருக்கும். ஓமெண்டால் கையெழுத்து."

"பேருக்கு எண்டுதானே ரஞ்சி சொன்னனான்?"

"அந்தப் பேர் என்ர பேர்தானேயப்பா."

யோசேப்பு சிவப்பு வண்டியைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தான். "ஓம்" என்றான்.

முதல் சனிக்கிழமை கிடங்கு நிறைந்துவிட்டது. பிள்ளைகள் சறுக்கினார்கள், முட்டினார்கள், திரும்பவும் வரிசைக்கு ஓடினார்கள். காப்பகத்தின் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு மரியரஞ்சனி தடுப்போரம் ரிமோட்டுடன் நின்றாள். கிடங்கைப் பூட்டும்வரை அவள் ஒரே ஒரு வண்டியைத்தான் நிறுத்தினாள். அதை ஓட்டியது யோசேப்பு.