மழையை ஒப்படைக்கச் சொன்ன மைக் அக்கா

உங்கள் வீட்டுக் கூரையில் விழும் மழை ஒரு கம்பெனிக்குச் சொந்தம் என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள் என்றுதான் மைக் அக்காவும் நம்பினார்.

அக்காவுக்கு மைக்தான் பிழைப்பு. கணவர் ஆட்டோ ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்து, மேலே கட்டிய ஒலிபெருக்கியில் ஊருக்குச் சேதி சொல்வார். துணிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன குழந்தை, நாளைய மின்வெட்டு, இன்றைக்குச் செத்தவர். பள்ளிக்கூடத்தில் "தொண்டையா, தகர டப்பாவா?" என்று திட்டு வாங்கிய குரல் அது. அந்தக் குரல்தான் பிள்ளைகளை வளர்த்தது.

தண்ணீர் கம்பெனி ஊருக்குள் வந்து குழாய்களை எடுத்துக்கொண்டபோது அக்காவையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மற்ற அறிவிப்பெல்லாம் "பொதுமக்களே" என்று தொடங்கும். கம்பெனி அறிவிப்பு மட்டும் "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே" என்று தொடங்க வேண்டும். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் தெருவே குடத்தோடு வாசலுக்கு வந்து வாய்பொத்தி நிற்கும். குழாய் எப்போது திறக்கும் என்பது அதற்குப் பிறகுதானே தெரியும்?

மிஞ்சியிருந்தது தெருமுனைப் பொதுக்கிணறு. அதையும் வேலி போட்டுத் தன்னிடம் தரும்படி கம்பெனி கேட்டது. சட்டப்படி அதற்கு அரசு மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டாக வேண்டும். கூட்டத்தை அறிவிக்கும்படி அக்காவிடம் சொன்ன மேனேஜர், கூடவே ஒன்றைச் சேர்த்தார்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க. வண்டியும் நிக்காம போகட்டும்."

"யாருக்கும் கேக்காதே சார்?"

"சொன்னோம்னு இருந்தா போதும்மா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வெளியே வந்ததும் கணவரிடம் பொரிந்தார். "ஊரு காதுல பஞ்சு வைக்கச் சொல்றான்யா. நான் என்ன பண்றேன் பாரு."

"எதுக்கு வம்பு? வேலை போயிடும்."

"போகட்டும். கிணறு போனா, குழாய் வராத அன்னைக்கு உன் ஆட்டோ பெட்ரோலையா குடிப்பே?"

அன்று மாலை, மழை கொட்டி ஓய்ந்த நேரம், வண்டி முழுச் சத்தத்தோடு கிளம்பியது.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! உங்கள் கூரையில் விழும் மழை இன்று முதல் நமது நிறுவனத்தின் உடைமை. பிடித்துவைத்த தண்ணீரை நாளைக் காலை அலுவலக வாசலில் ஒப்படைக்கவும். தும்மலில் தெறிக்கும் துளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொதுக்கிணறு பற்றிய கூட்டமும் அங்கேயே நடைபெறும்."

தும்மலுக்குச் சிரிப்பார்கள், அப்புறம் கொதிப்பார்கள், கூட்டத்துக்குத் திரண்டு வந்து மேனேஜரை உலுக்கி எடுப்பார்கள். இதுதான் அக்காவின் கணக்கு.

மறுநாள் காலை அலுவலக வாசலைப் பார்த்தவருக்கு ஆட்டோவிலிருந்து கால் இறங்கவில்லை. நீண்ட வரிசை. வாளி, குடம், அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் டப். ஒரு முகத்திலும் கோபம் இல்லை. "தள்ளாதீங்க, என் தண்ணி தளும்புது" என்ற சண்டை மட்டும் நடந்துகொண்டிருந்தது. வரிசை நடுவே, மூடி போட்ட வாளியோடு, அக்காவின் நாத்தனார்!

"அண்ணி! நீங்களுமா?"

"நீதானேடி சொன்னே?"

"ஐயோ, அது கேலிக்குச் சொன்னது! தும்மல்னு சொன்னேனே, கேக்கலையா?"

"கேட்டேன். தும்மலையாவது விட்டானேன்னு நினைச்சேன். வாடிக்கையாளர்களேன்னு கூப்பிட்டப்புறம் கேலியாவது, கிண்டலாவது?"

அதைவிடப் பெரிய அதிர்ச்சி உள்ளேயிருந்து வந்தது. மேனேஜர் வெளியே வந்தார். வரிசையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். "யாரோ விளையாடியிருக்கிறார்கள், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது. ஆனால் காவலாளியைக் கூப்பிட்டு, "அந்தத் தொட்டியில ஊத்தச் சொல்லு. வாளியையும் வாங்கி வை," என்றார்.

ஊற்றினார்கள்! பட்டம் வாங்கியவரும் ஊற்றினார், கைநாட்டு வைப்பவரும் ஊற்றினார். வானம் கொடுத்ததை வீட்டிலிருந்து சுமந்துவந்து, வரிசையில் நின்று கொட்டிவிட்டு, "ரொம்ப நன்றிங்க" என்று வேறு சொன்னார்கள்.

அதே முற்றத்தில் கூட்டம் தொடங்கியது. "கிணற்றைக் கம்பெனியிடம் கொடுப்பதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார் அரசு அதிகாரி. வெறுங்கையோடு நின்ற கூட்டம் தரையைப் பார்த்தது. அக்கா ஆட்டோவுக்கு ஓடி மைக்கை எடுத்தார். தகர டப்பாக் குரல் முதல்முறையாக உடைந்தது.

"பொதுமக்களே! நேத்து மழையைப் பத்திச் சொன்னது பொய். நானா கட்டிவிட்டது. பொய்னு தெரிஞ்சும் இந்த மேனேஜரு வாங்கி ஊத்திக்கிட்டாரு. அப்போ இத்தனை நாளா நான் இவருக்காகக் கத்தினதுல எதெல்லாம் பொய்னு கேளுங்க!"

கடைசியில் நாத்தனார்தான் முன்னால் வந்தார். "சார், என் வாளியைக் குடுங்க."

"எந்த வாளிம்மா?" என்றார் அதிகாரி.

"இதோ இவரு பிடுங்கி வெச்சிருக்காரே, அது."

மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார். "என் குடம்!" "என் அண்டா!" என்று பின்னாலிருந்து ஒவ்வொரு குரலாக எழுந்தது. "கிணத்தையும் இப்படித்தான் வாங்கப் போறீங்களா?" என்று எவரோ கத்தினார். அதிகாரி தொட்டியை எட்டிப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், கூட்டத்தை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தார்.

அக்காவின் கம்பெனி வேலை அன்றே போனது. கொட்டிய மழை திரும்பி வரவில்லை. கிணறு இன்றுவரை தெருவிடம்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த கூட்டம் வரப்போகிறது, கம்பெனியும் வேறொரு குரலைப் பிடித்துவிட்டது.

உங்கள் தெருவுக்கும் அப்படியொரு வண்டி வரும், அன்பார்ந்த வாடிக்கையாளர்களே என்று குழையும். வாளியைத் தூக்குவதற்கு முன்னால் தயவுசெய்து வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஒருமுறை உரக்கக் கேளுங்கள்: "யார் சொன்னது? எந்தச் சட்டத்தில் இருக்கிறது?"