வேகப் பாட்டு கேசட்

எனக்குப் பிடித்த கிறிஸ்தவப் பாடல் ஆல்பங்கள் எவை என்று யாராவது கேட்டால் நான் ராகத்தையும் குரலையும் பற்றிப் பேச மாட்டேன். எந்தக் கேசட் ஓடினால் அம்மா அடி வாங்குவாள், எது ஓடினால் தப்பிப்பாள் என்பதுதான் எனக்குத் தெரிந்த சங்கீதம்.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் நெசவாளர்கள் நிறைந்த தெருவில் நாங்கள் மட்டும் கிறிஸ்தவக் குடும்பம். துபாயிலிருந்து திரும்பிய கடையநல்லூர்க்காரர் ஒருவரிடம் அப்பா டேப் ரெக்கார்டர் வாங்கினார். கிதாரும் டிரம்ஸும் வைத்த புதுமாதிரிப் பாடல்கள் அப்போதுதான் கேசட்டில் வரத் தொடங்கியிருந்தன. ஆர்மோனியத்தோடு பழகிய சபைப் பெரியவர்கள், "இது என்ன சினிமாக் கொட்டகையா?" என்று முகம் சுளித்தார்கள். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் அப்பாவுக்கோ அந்தப் பாட்டுகள் மேல் கொள்ளை ஆசை.

வீட்டில் இரண்டு கேசட்டுகள் இருந்தன. ஒன்றில் ஒரு பெண் கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடுவாள். அது ஓடும்போது பக்கத்து வீட்டில் டம்ளர் விழுந்தால்கூடக் கேட்கும். இன்னொன்றில் டிரம்ஸ், கைதட்டல், கூட்டமாக அல்லேலூயா. சாயங்காலக் குடும்ப ஜெபம் முடிந்ததும் அப்பாவின் கை எதை எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மெதுப் பாட்டு என்றால் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும்.

வேகப் பாட்டு என்றால் சத்தத்தைக் கூட்டுவார். கதவைச் சாத்துவார். பெல்ட்டை உருவுவார். குழம்பில் உப்பு கூடியிருக்கும், அல்லது அம்மா வாசலில் நின்று யாரிடமாவது சிரித்திருப்பாள். அவருக்கு அது போதும். அம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள். ஒரு முறை முடியைப் பிடித்து அவள் தலையைச் சுவரில் மோதினார். காதோரம் ரத்தம் வழிந்தது. அந்தப் படுபாவி கூடவே பாடிக்கொண்டுதான் மோதினார்.

பக்கத்து வீட்டு நெசவாளரின் மனைவி அம்மாவிடம் சொல்வாள்: "உங்க வீட்ல என்னா பக்திக்கா! நாங்க தறியில இருந்துக்கிட்டே உங்க பாட்டைத்தான் கேக்கோம்." அம்மா வீங்கிய கன்னத்தைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அன்றைக்கு அவர் வேகப் பாட்டை எடுத்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கேசட் வேண்டாம்ப்பா" என்றேன். பாட்டைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பெல்ட்டின் கொக்கி என் புருவத்தைக் கிழித்தது. அடுத்த அடிக்குள் அம்மா எழுந்துபோய் டேப் ரெக்கார்டரை நிறுத்தினாள்.

"இப்ப அடிங்க. தெரு கேக்கட்டும்."

அவர் பாய்ந்துபோய் மறுபடி போடப் பார்த்தார். அம்மா பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டாள். அதை விடுவிக்க அவள் கையிலேயே மாறி மாறி அடித்தார். அம்மா தலைப்பை வாயில் வைக்கவில்லை. வீடே அதிரக் கத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னக்கா, பாட்டு ஏன் நின்னுட்டு?" என்று குரல் வந்தது. பிறகு கதவை உதைக்கும் சத்தம். நெசவாளர் முன்னால் நின்றார், பின்னால் பாதித் தெரு.

"ஜெபம் பண்ணுதோம்" என்றார் அப்பா, கையில் பெல்ட்டோடு.

"பச்சப் பிள்ள மொகத்துல ரத்தம் ஒழுகுது. இதுதான் உம்ம ஜெபமா வே?"

சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே அவருக்கு விழுந்த அடியை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். பாவமாகவே இல்லை. இன்றுவரை இல்லை. பல்லில் ரத்தத்தோடு பனவடலிசத்திரத்தில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனவர், அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா கையில் போட்ட கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தாள். நான் அந்தக் கேசட்டின் நாடாவை உருவி அடுப்பில் போட உட்கார்ந்திருந்தேன்.

"ஏட்டி, அதக் கெடுத்துராத. பெட்டியில போட்டு ஓட விடு."

"இந்தச் சனியன் எதுக்கும்மா?" என்று கத்தினேன்.

"போடுட்டி. அதுல என்ன பாடுதாங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதே இல்ல."